தோப்பில் தூங்கும் சென்சார்கள்: பேட்டரி நீடிக்க நேர அட்டவணை போடும் வழி

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் மண் ஈர சென்சார் வைத்தவர்களிடம் பேசிப் பாருங்கள். அளவு தப்பாகக் காட்டுகிறது என்ற புகாருக்கு முன்னால், "ஒரு மாசம் ஓடுச்சுங்க, அப்பறம் பேச்சு மூச்சையே காணோமுங்க" என்ற புகார்தான் வரும். திறந்து பார்த்தால் சென்சார் நன்றாகத்தான் இருக்கும், ரேடியோவும் நன்றாகத்தான் இருக்கும். பேட்டரிதான் செத்திருக்கும். பெரிய பேட்டரி மாட்டுவார்கள், அடுத்து சோலார் தகடு வைப்பார்கள். தென்னை நிழலில் அந்தத் தகட்டுக்கு எவ்வளவு வெயில் கிடைக்கும் என்பது தோட்டக்காரருக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

இந்தக் கட்டுரை ஓரளவு ஆர்டினோ தொட்டுப் பார்த்தவர்களுக்கு. பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ திட்டம் செய்கிறவர்கள், கோவையில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு தோட்டத்துக்குப் போகிறவர்கள், இவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரேடியோ தகவல் அனுப்பும்போது செலவாகும் மின்சாரம் கொஞ்சம்தான். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காதைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்போதுதான் பேட்டரி காலியாகிறது. ஆகவே எப்போது விழிப்பது, எப்போது தூங்குவது என்ற அட்டவணைதான் நாம் செய்யப்போகும் வேலை.

எடுத்துக்காட்டாக ஒரு 10 ஏக்கர் தோப்பை வைத்துக்கொள்வோம். 12 நோடுகள், அதாவது அளந்து அனுப்பும் 12 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஏடிமெகா 328பி சில்லு, எஸ்எக்ஸ் 1276 லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் வகை), கெபாசிட்டிவ் மண் ஈர சென்சார் ஒன்று, 18650 லித்தியம் பேட்டரி ஒன்று. தகவலை வாங்கும் கேட்வே மோட்டார் ரூமில், சுவரில் கரண்டு எடுத்துக்கொண்டு இருக்கிறது. கேட்வே தூங்க வேண்டியதில்லை. தூங்க வேண்டியது அந்த 12 பேர்தான்.

படி 1: எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நிரல் எழுதுவதற்கு முன்னால் தோட்டக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. நாம் பத்து நொடிக்கு ஒருமுறை அளவெடுத்து வரைபடம் போட்டுக் காட்ட ஆசைப்படுவோம். ஆனைமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மண்ணு ஈரம் ஒரு நிமிசத்துல என்ன மாறிப் போவுது? மோட்டார் போட்டப்பறம் ஒருக்கா, நிறுத்துனப்பறம் ஒருக்கா பாத்தாப் போதுமல்லோ?" என்றார். "போதுமுங்கய்யா" என்று சொல்வதைத் தவிர வேறு பதில் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நிகழ்வு சார்ந்த அளவீடு என்று எழுதுவது அவர் சொன்னதைத்தான்.

மண் ஈரத்துக்குச் சாதாரண நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தாராளம். சொட்டுநீர் ஓடும்போது மட்டும் 5 நிமிடம். சொட்டுநீர் ஓடுகிறது என்று நோடுக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரிய வேண்டாம். மும்முனைக் கரண்டு வந்து ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டதை மோட்டார் ரூமில் இருக்கும் கேட்வே ஒரு ரிலே மூலம் அறிந்துகொள்ளலாம். நோடு அடுத்த முறை பேசும்போது, "வந்து சேர்ந்தது" என்ற பதிலோடு "இனி 5 நிமிடம்" என்ற ஒரு பைட்டையும் சேர்த்து அனுப்பினால் முடிந்தது. அதிகபட்சம் கால் மணி நேரம் தாமதமாகும். மண்ணுக்கு அது பொருட்டில்லை.

காற்று வேகம், தொட்டி நீர்மட்டம் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு வேறு. ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாக மாறும் என்று யோசித்து, அதற்கேற்ற இடைவெளியை வையுங்கள். எல்லாச் சென்சாருக்கும் ஒரே இடைவெளி வைப்பது சோம்பேறித்தனம்.

படி 2: காகிதத்தில் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பத்து நிமிட வேலை, தயவுசெய்து உட்கார்ந்து போடுங்கள்.

18650 பேட்டரியின் மேல் 2600 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால், 2000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை வயசும் வெயிலும் குறைந்த மின்னழுத்தமும் எடுத்துக்கொள்ளும்.

முதலில், ரேடியோவை எப்போதும் கேட்கும் நிலையில் விட்டால்: ரேடியோவுக்குச் சுமார் 11 மில்லி ஆம்பியர், சில்லுக்கு 4. மொத்தம் 15. 2000-ஐ 15-ஆல் வகுத்தால் 133 மணி நேரம். ஐந்தரை நாள்.

இனி 15 நிமிடத்துக்கு, அதாவது 900 நொடிக்கு ஒருமுறை விழிக்கும் நோடு. சென்சாரும் சில்லும் சேர்ந்து 1 நொடி, 10 மில்லி ஆம்பியர்: 10 மில்லி ஆம்பியர் நொடி. அனுப்புவது 17 டிபிஎம் திறனில் சுமார் 90 மில்லி ஆம்பியர், 12 பைட் தகவலுக்கு எஸ்எஃப் 7 என்ற லோரா அமைப்பில் (படி 4-இல் சொல்கிறேன்) 41 மில்லி நொடி: 3.7. பதிலுக்காகக் கேட்பது 200 மில்லி நொடி, 15 மில்லி ஆம்பியர்: 3. கூட்டினால் 16.7. இதை 900-ஆல் வகுத்தால் சராசரி 0.0186 மில்லி ஆம்பியர், அதாவது 18.6 மைக்ரோ ஆம்பியர். மீதி நேரம் தூங்கும்போது 20 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் 38.6 மைக்ரோ. 2000 மில்லி ஆம்பியர் மணிக்கு இது ஐந்தே முக்கால் ஆண்டுக்கு மேல் வரும். பேட்டரி சும்மா இருந்தாலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்பதால் அத்தனை ஆண்டு ஓடாது. ஆனாலும் ஐந்தரை நாள் எங்கே, இது எங்கே!

இந்தக் கணக்கை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தூக்கத்தில் போகிறது. விழித்திருக்கும் நேரத்துச் செலவில் பெரிய பங்கு சென்சாருக்கு, ரேடியோவுக்கு இல்லை. அந்த 1 நொடி உண்மையிலேயே வேண்டுமா? சென்சாருக்குக் கரண்டு கொடுத்து 50 மில்லி நொடிக்கு ஒருமுறை அளவை அச்சிட்டுப் பாருங்கள், எப்போது நிலைப்படுகிறது என்று தெரிந்துவிடும். 0.3 நொடி போதுமென்றால் 10 என்பது 3 ஆகிவிடும். ரேடியோ நிரலில் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாலும் இவ்வளவு மிச்சம் கிடைக்காது.

படி 3: தூங்கும்போது யார் விழித்திருக்கிறார்கள்?

நிரலில் தூங்கு என்று எழுதியதும் நோடு தூங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். சில்லு தூங்கும், பலகையில் இருக்கும் மற்றவர்கள் தூங்க மாட்டார்கள்.

ஆர்டினோ ஊனோ பலகையை நேராகத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அது தூக்கத்திலும் பல மில்லி ஆம்பியர் இழுக்கும். 3.3 வோல்ட் ப்ரோ மினி எடுத்து அதன் சிவப்பு விளக்கைச் சாலிடரிங் அயர்னால் எடுத்துவிடுங்கள். 2 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு விளக்கு, வேறெதுவும் ஓடாவிட்டாலும், நம் பேட்டரியை 41 நாளில் காலி செய்யும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏஎம்எஸ் 1117 ரெகுலேட்டர் சும்மா இருப்பதற்கே 5 மில்லி ஆம்பியர் அளவில் எடுக்கும், 16 நாளில் பேட்டரி தீர்ந்தது. அதற்குப் பதில் எம்சிபி 1700 போடுங்கள், அது எடுப்பது 2 மைக்ரோவுக்கும் குறைவு.

மண் ஈர சென்சாரை நேராகப் பேட்டரியோடு கட்டாதீர்கள். ஏடிமெகாவின் ஒரு காலிலிருந்தே (பின்) அதற்குக் கரண்டு கொடுக்கலாம், 5 மில்லி ஆம்பியரை அந்தக் கால் தாங்கும். அளவெடுத்ததும் காலைத் தாழ்த்திவிடுங்கள்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று. பேட்டரி அளவைப் பார்க்க 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு மின்னழுத்தத்தைப் பாதியாக்குவார்கள். 4.2 வோல்ட்டுக்கு அது நிரந்தரமாக 21 மைக்ரோ ஆம்பியர் குடிக்கும். நோடு முழுவதும் தூங்கும்போது எடுப்பதே அவ்வளவுதான்! 1 மெகா ஓம் இரண்டு போட்டு, நடுவில் ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் 2 மைக்ரோவில் முடியும்.

இதையெல்லாம் அளக்க மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் தொடராக வைத்தால், நோடு விழிக்கும் நொடியில் மீட்டருக்குள் மின்னழுத்தம் விழுந்து நோடு ரீசெட் ஆகிவிடும். மறுபடி விழிக்கும், மறுபடி ரீசெட். ஏதோ நிரல் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்போம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து வைத்து, நோடு தூங்கப் போனதும் கம்பியை எடுத்து அளவைப் படியுங்கள். விழிப்பதற்கு முன் மீண்டும் இணைத்துவிடுங்கள். கொஞ்சம் காசு செலவழிக்க முடியுமென்றால் நார்டிக் நிறுவனத்தின் பவர் ப்ரொஃபைலர் கிட் 2 இந்த வேலையை அழகாகச் செய்யும். கல்லூரி ஆய்வகத்துக்கு ஒன்று இருந்தால் பத்துப் பேருக்கு உதவும்.

படி 4: ஆன்டெனாவும் பேட்டரிச் சமாச்சாரம்தான்

இந்தியாவில் லோராவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் அலைவரிசை 865 முதல் 868 மெகா ஹெர்ட்ஸ் வரை. வாங்கும்போது 868 அல்லது 915-க்கு என்று எழுதியிருக்கும் மாட்யூல்கள் வரும். 868-ஐ நிரலில் மாற்றிக்கொள்ளலாம், 433 மெகா ஹெர்ட்ஸ் மாட்யூலை வாங்கிவிட்டால் உதவாது. கால் அலை ஆன்டெனாவுக்கு 8.66 சென்டிமீட்டர் கம்பி போதும்.

லோராவில் எஸ்எஃப் என்ற எண் 7-இலிருந்து 12 வரை போகும். எண் கூடினால் தூரம் கூடும், அதோடு காற்றில் இருக்கும் நேரமும் கூடும். அதே 12 பைட் தகவல், 125 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்தில், எஸ்எஃப் 7-இல் 41 மில்லி நொடி, எஸ்எஃப் 10-இல் சுமார் 289, எஸ்எஃப் 12-இல் 1155. கிட்டத்தட்ட 28 மடங்கு. படி 2-இல் போட்ட கணக்கில் 41-க்குப் பதில் 1155 போட்டுப் பாருங்கள். அனுப்புவதற்கே 104 மில்லி ஆம்பியர் நொடி ஆகும். ஐந்து ஆண்டுக் கணக்கு ஒன்றரை ஆண்டாகச் சுருங்கும்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று எஸ்எஃப் 12-இல் வைத்துவிடும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அதற்கு முன் ஆன்டெனாவை உயர்த்திப் பாருங்கள். தரையோடு ஒட்டி வைத்த நோடுக்கும், மூன்று மீட்டர் பிவிசி பைப்பின் மேல் வைத்த நோடுக்கும் உள்ள வேறுபாடு எந்த நிரலாலும் வராது. மழை பெய்து இலையெல்லாம் நனைந்திருக்கும்போது சிக்னல் இன்னும் குறையும் என்பதால், வெயில் நாளில் சோதித்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். ஐப்பசி மழையில் ஒரு முறை பாருங்கள், அல்லது வெயில் நாளில் சிக்னல் வலுவில் 10 டெசிபல் மிச்சம் இருக்கும்படி வையுங்கள். கேட்வே ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டியின் மேலே கொண்டுபோனால் 12 நோடுகளுக்கும் ஒரே வேலையில் நன்மை.

தகவலைச் சேர்த்து அனுப்புவதும் மிச்சம்தான். 12 பைட்டாக நான்கு முறை அனுப்பினால் 165 மில்லி நொடி. நான்கு அளவுகளையும் சுருக்கி 30 பைட்டில் ஒரே முறை அனுப்பினால் 72. ஒவ்வொரு முறையும் முன்னால் போகும் முன்னோட்டத் துடிப்புக்கும் தலைப்புக்கும் ஆகும் செலவு ஒரே முறையோடு முடிகிறது.

படி 5: முறை வைப்பது

இப்போதுதான் அட்டவணைக்கு வருகிறோம். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் பாசனப் பரப்பை நான்கு மண்டலமாகப் பிரித்து, இந்த மண்டலத்துக்கு இப்போது, அந்த மண்டலத்துக்கு அடுத்து என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவதை உடுமலை, பல்லடம் பக்கத்தில் எல்லாரும் அறிவார்கள். உங்கள் முறை வரும்போது மதகில் நின்றால் போதும், மற்ற நாளெல்லாம் வாய்க்கால் கரையில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. டிடிஎம்ஏ என்று ரேடியோக்காரர்கள் சொல்வது இதே முறைதான். ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்கிட்டுக் கொடுப்பது.

நம் 12 நோடுகளுக்கு ஒரு அட்டவணை: ஒவ்வொரு கால் மணியும் தொடங்கும்போது நோடு 1 பேசும். 5-ஆவது நொடியில் நோடு 2. 10-ஆவது நொடியில் நோடு 3. இப்படியே 55-ஆவது நொடியில் நோடு 12. ஒரு நிமிடத்துக்குள் எல்லாரும் பேசி முடித்துத் தூங்கிவிடுவார்கள், மீதி 14 நிமிடம் காற்று காலி. 41 மில்லி நொடிப் பேச்சுக்கு 5 நொடி இடம் எதற்கு? கடிகாரத்துக்காக.

கடிகாரம்தான் இந்த வேலையின் உயிர்நாடி, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். தூங்கும் சில்லை எழுப்ப ஏடிமெகாவுக்குள் இருக்கும் வாட்ச்டாக் டைமர், படிகம் இல்லாத ஒரு ஆர்சி ஆஸிலேட்டரை நம்பி ஓடுகிறது. அது 10 சதவீதம் தப்பினால் 15 நிமிடத்தில் 90 நொடி விலகிவிடும். அதை வைத்து முறை வைக்க முடியாது. கைக்கடிகாரத்தில் இருக்கும் 32.768 கிலோ ஹெர்ட்ஸ் படிகம் பொதுவாகப் பத்து லட்சத்தில் 20 பங்கு தப்பும், ஒரு நாளைக்கு 1.7 நொடி. நோடு ஒரு பக்கம் விலக, கேட்வே எதிர்ப்பக்கம் விலகினால் இரட்டிப்பு.

அதோடு வெப்பம். இந்தப் படிகங்கள் 25 டிகிரியில் சரியாக ஓடும்படி செய்யப்பட்டவை, அதிலிருந்து மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். திறந்த காட்டில் வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் 55 டிகிரி போனால் பத்து லட்சத்தில் 30 பங்கு கூடுதலாகப் பின்தங்கும், அந்தச் சூடு நாள் முழுக்க நீடித்தால் 2.6 நொடி. தென்னை நிழலில் இருக்கும் நோடும் வரப்போரத்தில் வெயிலில் இருக்கும் நோடும் சித்திரை மாதத்தில் வேறு வேறு வேகத்தில் ஓடுவது இதனால்தான்.

வழி இரண்டு. ஒன்று, டிஎஸ் 3231 என்ற கடிகாரச் சில்லு. வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும், 0 முதல் 40 டிகிரிக்குள் பத்து லட்சத்தில் 2 பங்குதான் தப்பும். கடையில் கிடைக்கும் நீலப் பலகையில் ஒரு விளக்கும், பட்டன் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும் ரெசிஸ்டரும் இருக்கும். விளக்கை எடுத்துவிடுங்கள். சார்ஜ் ஏற்ற முடியாத சிஆர் 2032 செல் போடுவதாக இருந்தால் அந்த ரெசிஸ்டரையும் கட்டாயம் எடுங்கள். இன்னொரு சங்கதி, இந்தச் சில்லுக்கு விசிசி என்ற முதன்மை மின்சாரக் காலில் கரண்டு கொடுத்தால் சும்மா இருக்கும்போதும் 100 மைக்ரோ ஆம்பியர் வரை எடுக்கலாம். பட்டன் செல்லுக்கான விபேட் காலில் கொடுத்தால் 1 மைக்ரோவை ஒட்டித்தான் எடுக்கும். ஒரு கம்பியை இடம் மாற்றுவதால் இவ்வளவு!

இரண்டாவது வழி, ஒவ்வொரு முறையும் கேட்வே தரும் பதிலில் கேட்வேயின் நேரத்தைச் சேர்த்து அனுப்பி நோடு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வது. வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், சாதாரணப் படிகத்தோடு 15 நிமிடத்துக்கு ஒருமுறை திருத்தினால் இருவருக்கும் இடையிலான விலகல் 36 மில்லி நொடியைத் தாண்டாது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் திருத்துவதென்றால் அது 0.86 நொடியாகும். இரண்டு வழியையும் சேர்த்தே வையுங்கள் என்பேன். டிஎஸ் 3231-உம் இருந்து, ஒரு நாள் முழுக்கக் கேட்வே செத்துக் கிடந்தாலும் விலகல் 0.35 நொடிதான். 5 நொடி இடைவெளி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். பத்து நாள் பேச்சே இல்லாவிட்டாலும் ஒருவர் முறையில் இன்னொருவர் நுழைய மாட்டார்.

கேட்வே பக்கம் ஒரு பொறி இருக்கிறது. கரண்டு போய் வந்ததும் சில பலகைகள் 1970 ஜனவரி 1 என்று நேரத்தைத் தொடங்கும். அதை அப்படியே நோடுகளுக்குச் சொன்னால் 12 பேரும் அதற்கு மாறிக்கொள்வார்கள், அட்டவணை மொத்தமும் குழம்பிப் போகும். கேட்வேயிலும் ஒரு கடிகாரச் சில்லு இருக்கட்டும். நோடு தன் நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் 10 நொடிக்கு மேல் வேறுபாடு கண்டால், மூன்று முறை தொடர்ந்து அதே சேதி வரும்வரை நம்பக்கூடாது என்று நிரலில் எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். 12 நோடு, எஸ்எஃப் 7, கால் மணிக்கு ஒருமுறை என்றால் மொத்தப் பேச்சு 900 நொடியில் அரை நொடிதான். முறையே வைக்காமல், ஒவ்வொருவரும் தோன்றிய நேரத்தில் பேசினாலும் மோதல் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். ஹவாயில் 1971-இல் ஓடத் தொடங்கிய அலோஹா வலையமைப்பின் வழி அது. அதற்கு ஒரே நிபந்தனை, இடைவெளியில் சில நொடி தற்செயலான ஏற்ற இறக்கம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், ஒரே நொடியில் ஸ்விட்ச் போட்ட இரண்டு நோடுகள் ஒவ்வொரு கால் மணியும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும். தோப்பு சின்னது, கீழிருந்து மேலே மட்டும்தான் தகவல் என்றால் இத்தோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நோடு எண்ணிக்கை நூறைத் தாண்டினாலோ, எஸ்எஃப் கூடினாலோ, மேலிருந்து கீழே கட்டளை போக வேண்டுமென்றாலோ முறை வேண்டும்.

லோரா ரேடியோவின் மேல் ஓடும் பொது நெறிமுறையான லோராவான் வலையமைப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு: கிளாஸ் ஏ என்ற வகையில் நோடு பேசியபின் 1 நொடியிலும் 2 நொடியிலும் இரண்டு முறை மட்டும் காதைத் திறக்கும். பேட்டரி நோடுக்கு அதுதான் பொருத்தம். கிளாஸ் சி எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சுவர்க் கரண்டில் ஓடும் கருவிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கேட்க வேண்டிய நோடுகள்

சொட்டுநீர் வால்வைத் திறந்து மூடும் நோடுதான் சிக்கலானது. அது கட்டளையைக் கேட்க வேண்டும், கட்டளை எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது. எப்போதும் கேட்டால் ஐந்தரை நாள்.

ஒவ்வொரு நிமிடத்தின் 58-ஆவது நொடியில் கேட்வே ஒரு சின்னச் சேதி அனுப்பட்டும். வால்வு நோடு அந்த நேரத்தில் 100 மில்லி நொடி மட்டும் கேட்கும். சென்சார் நோடுகளின் முறை 55-ஆவது நொடியோடு முடிவதால் மோதலும் இல்லை. செலவு நிமிடத்துக்கு 1.5 மில்லி ஆம்பியர் நொடி, சராசரி 25 மைக்ரோ ஆம்பியர். தூக்கத்தின் 20-ஐயும் சேர்த்தால் கணக்கில் ஐந்து ஆண்டு. கட்டளை அதிகபட்சம் ஒரு நிமிடம் தாமதமாகும். சொட்டுநீர் வால்வுக்கு ஒரு நிமிடம் ஒரு நேரமா?

தாமதம் அதற்கும் குறைய வேண்டுமென்றால் இன்னொரு வழி. நோடு 2 நொடிக்கு ஒருமுறை சில மில்லி நொடி விழித்து, காற்றில் ஏதாவது துடிப்பு இருக்கிறதா என்று மட்டும் மோப்பம் பிடித்துவிட்டுத் தூங்கும். எஸ்எக்ஸ் 1276-இலேயே அந்த வசதி இருக்கிறது. அனுப்புகிறவர் தன் முன்னோட்டத் துடிப்பை 2 நொடிக்கு மேல் நீட்டி அனுப்பினால் நோடு எப்படியும் பிடித்துவிடும். கடிகார ஒத்திசைவே வேண்டாம். மோப்பத்துக்கு 12 மில்லி ஆம்பியரில் 10 மில்லி நொடி என்று வைத்தால் சராசரி 60 மைக்ரோ, தூக்கத்தோடு 80, மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 2004-இல் வந்த பி-மேக் நெறிமுறையின் அடிப்படை இதுதான். அதற்கு முன் 2002-இல் வந்த எஸ்-மேக், எல்லா நோடுகளும் ஒன்றாக விழித்து ஒன்றாகத் தூங்கும் வழியைக் காட்டியது.

வால்வு வாங்கும்போது டிசி லாட்சிங் சோலனாய்டு என்று கேட்டு வாங்குங்கள். திறக்க ஒரு துடிப்பு, மூட ஒரு துடிப்பு, இடையில் கரண்டே வேண்டாம். சாதாரண சோலனாய்டு திறந்திருக்கும் நேரம் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும், அதற்கு எந்த அட்டவணையும் உதவாது.

படி 7: கைமாற்றி அனுப்புவது

நடுவில் கரடு இருக்கிறது, கேட்வே நேராகத் தெரியவில்லை என்றால் ஒரு நோடு இன்னொன்றுக்காகத் தகவலைக் கைமாற்ற வேண்டிவரும். முடிந்தவரை தவிருங்கள். இரண்டாவது கேட்வே வைப்பது மலிவாகவே முடியும். தவிர்க்க முடியாதென்றால், கடைசியில் இருக்கும் நோடு முதலில் பேசி, அதை வாங்கும் நோடு அடுத்த முறையில் பேசி, இப்படிக் கேட்வேயை நோக்கி முறைகள் வரிசையாக வரும்படி அடுக்குங்கள். கேட்வேக்குப் பக்கத்தில் இருக்கும் நோடு எல்லாருடைய பாரத்தையும் சுமப்பதால் முதலில் சாகும். அதற்கு இரட்டைப் பேட்டரி வைப்பதுதான் எளிய தீர்வு. சுற்று மாற்றிச் சுற்று வேறு வேறு நோடுக்கு அந்தச் சுமையைக் கொடுக்கும் லீச் போன்ற நெறிமுறைகள் உண்டு. தேர்வுக்குப் படியுங்கள், தோப்புக்கு அவசியம் வராது.

படி 8: தோப்பில் வைக்கும்போது

அளவு மாறினால் மட்டும் அனுப்புவது என்று வைத்தால் மிச்சம் கூடும். ஆனால் நோடு பேசாமல் இருந்தால், ஈரம் மாறவில்லையா, நோடே செத்துவிட்டதா என்று தெரியாது. மாறாவிட்டாலும் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்ல வையுங்கள். கடிகாரத் திருத்தமும் அதிலேயே நடக்கும். பதில் வராவிட்டால் ஒருமுறை மட்டும் மறுபடி அனுப்பட்டும், அதற்கு மேல் அடுத்த முறைவரை காத்திருக்கட்டும். கேட்வே கரண்டில்லாமல் கிடக்கும் ராத்திரியில் விடிய விடியக் கத்திப் பேட்டரியைத் தீர்த்துக்கொள்ளும் நோடுகள் நிறைய.

பேட்டரி மின்னழுத்தத்தைத் தூங்கி எழுந்தவுடன் அளக்காதீர்கள், அனுப்பி முடிக்கும் தறுவாயில் அளந்து அடுத்த சேதியில் சேருங்கள். சுமை இருக்கும்போது தெரிவதுதான் உண்மையான நிலை. பேட்டரிக்குப் பக்கத்தில் 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வைத்தால், பழைய பேட்டரியிலும் 90 மில்லி ஆம்பியர் துடிப்பின் தடுமாற்றம் கொஞ்சம் குறையும்.

பெட்டியின் ஒயர் துளை கீழ்நோக்கி இருக்கட்டும், சிலிக்கான் போட்டு அடையுங்கள். எறும்பு உள்ளே புகுந்து கூடு கட்டினால் ஈரமும் சேரும், ஈரம் சேர்ந்தால் பலகையின் மேலேயே கரண்டு கசிந்து உங்கள் 20 மைக்ரோ 200 ஆகும். எலி, அணிலுக்கு எட்டும் ஒயரை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். நோடை மரத்தின் நேர் அடியில் வைக்காமல் இரண்டு வரிசைக்கு நடுவில் வையுங்கள், விழும் மட்டையும் தேங்காயும் ஆன்டெனா என்று பார்த்து விழுவதில்லை.

முதலில் இரண்டே நோடு வையுங்கள், ஒன்று நிழலில், ஒன்று வெயிலில். இரண்டு வாரம் விட்டு, எத்தனை சேதி வர வேண்டியது, எத்தனை வந்தது, ஒவ்வொன்றும் தன் முறைக்கு எத்தனை மில்லி நொடி முன்னே பின்னே வந்தது, பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று எழுதிப் பாருங்கள். விலகல் ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனால் கடிகாரத் திருத்தம் வேலை செய்யவில்லை. மத்தியானம் மட்டும் கூடினால் வெயில். சேதி தவறுவது காலையில் மட்டும் என்றால் பனி நனைத்த இலையைச் சந்தேகப்படுங்கள், ஆன்டெனாவை இன்னொரு முழம் உயர்த்திவிட்டு மீதிப் பத்து நோடுகளுக்குச் சாலிடரிங் அயர்னைச் சூடாக்குங்கள்.